உடன் நின்று பேணுவார் அறிய வேண்டியது

(அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகக் கடவுளின் திருவடிகளை மனம், மொழி, மெய்களால் வணங்குகிறேன்.



இவ்வாண்டு கல்வி உதவி பெறுவோர் பட்டியலை விழாக் குழுவினர் என்னிடம் காட்டினர். அதில் செவிலியக் கல்லூரிகளில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் இருக்கக் கண்டு மகிழ்ந்தேன். நான் பயிற்சியில் சேர்ந்த காலத்தில் நம்மவர் தம் பெண்களை இத்தொழிலுக்கு அனுப்பப் பெரிதும் தயங்கினர். விடுதியில் பொழுது சாய்ந்த பின் உண்ண நேருமே, புலால் உணவைத் தொட நேருமே என்று அஞ்சினர். அந்த அச்சம் முற்றிலும் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பற்றியும் பின்னர்ப் பேசுகிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், செவிலியம் பயில்வோர்க்கு வேண்டிய பண்பாட்டறிவு. நோயாளி எதை நம்புகிறார், எதை உண்கிறார், எதை விலக்குகிறார், எதற்கு நாணுகிறார், அவர் வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பவற்றை அறிந்து, அவற்றுக்கு ஊறு நேராமலும் மருத்துவத்துக்குக் குறை வாராமலும் பணி செய்யும் திறமையே அது. நாடி பார்ப்பதும் ஊசி போடுவதும் எவ்வாறு கற்றுத் தேர்ச்சி பெற வேண்டியவையோ, இதுவும் அவ்வாறே கற்றுத் தேர்ச்சி பெற வேண்டியது. இதில் தவறினால் உயிருக்கே தீங்கு நேரலாம். என் வாழ்வில் நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. நான் முதலாண்டு மாணவி. ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் எனக்கு மாலைப் பணி. நம் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த எழுபது வயது மூதாட்டி ஒருவர் ஆறாத கால் புண்ணுடன் அங்கே படுத்திருந்தார். நீரிழிவு நோய்க்காக அவருக்கு நாள்தோறும் இருவேளை இன்சுலின் போடப்பட்டு வந்தது. அவருடைய மகன் பொழுதிருக்கும்போதே உணவு கொண்டுவந்து கொடுத்து, உண்ணச் செய்துவிட்டுப் போவார். ஒருநாள் அவர் ஊருக்குப் போக நேர்ந்தது. அன்று மாலை 7 மணிக்கு வழக்கம்போல் ஊசி போட்டார்கள். ஊசி உணவன்று என்பதால் அம்மூதாட்டி மறுக்கவில்லை. ஏழரை மணிக்கு மருத்துவமனைத் தட்டு வந்தது. அவர் அதைத் தொடவில்லை. இன்னொரு தட்டால் மூடி, கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதை நான் பார்த்தேன். அவர் ஏன் உண்ணவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வார்டில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். ஆயினும் நான் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். விடுதியில் சேர்ந்த முதல் மாதம் நான் பொழுதோடு உண்பதைக் கண்டு உடன் பயின்ற பெண்கள் கேலி செய்தனர். அதற்கு நாணி, நானும் அவர்களோடு இரவில் உண்ணத் தொடங்கியிருந்தேன். மூதாட்டிக்காகப் பேசினால் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். 'நானும் அந்தக் குலத்தவள்தான். ஆனால் நான் இரவில் உண்கிறேன்' என்று சொல்ல வேண்டிவரும். அந்தச் சிறு நாணத்துக்காக வாளாவிருந்தேன்.

இரவு 2 மணியளவில் பக்கத்துக் கட்டில்காரர் கூவி அழைத்தார். மூதாட்டியின் உடல் வியர்வையில் நனைந்திருந்தது, வாய் குழறியது, அழைத்தால் விழிக்கவில்லை. இன்சுலின் உடலில் இறங்கிய பின் உணவு செல்லாவிட்டால் குருதியிலுள்ள சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து போகும். மூளைக்கு ஊட்டம் கிட்டாமல் நினைவு தப்பும். காலம் தாழ்த்தினால் உயிரே போகும். உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் பிழைத்தார். மறுநாள் குறிப்பேட்டில் 'நோயாளி உணவு உட்கொள்ள ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப்பட்டிருந்தது.

காலையில் நான் அவருக்கு முகம் துடைத்துவிட்டபோது, அவர் கண்மூடிப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னையறியாமல் என் உதடுகளும் அசைந்தன. அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். "நீ நயினார் வீட்டுப் பொண்ணா, கண்ணு?" என்றார். ஆமென்றேன். "ராத்திரியே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அச்சொல்லில் சினமில்லை. நான் யாரென்று தெரிந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்ற பொருளில்தான் சொன்னார். எனக்கு அது வேறு பொருளில் கேட்டது, இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

பின்னாளில் நான் செவிலிய ஆசிரியையானபோது, பெயரும் ஊரும் சொல்லாமல் இந்நிகழ்ச்சியை ஒவ்வோராண்டும் மாணவியர் முன் வைத்தேன். தவறு யாருடையது என்று கேட்பேன். 'சொல்லாமல் இருந்த நோயாளியுடையது' என்பர் சிலர். 'உணவு உட்கொண்டாரா என்று பாராமல் போன செவிலியருடையது' என்பர் சிலர். 'ஊசி நேரத்தையும் உணவு நேரத்தையும் எல்லார்க்கும் ஒன்றாக வைத்த மருத்துவமனையுடையது' என்பர் சிலர். மூன்றிலும் உண்மையுண்டு. எல்லாம் கேட்ட பின், அறிந்தும் சொல்லாதிருந்த மாணவி ஒருத்தியும் அங்கிருந்தாள் என்பேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

பெரியோர்களே, நோயாளியைப் பேணுவோர்க்குரிய இடத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருக்குறளின் மருந்து அதிகாரம் அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு உழைச்செல்வானையும் நான்காவதாக எண்ணுகிறது. உழைச்செல்வான் என்பான் அருகிருந்து பேணுபவன், இன்றைய செவிலியர். அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயர்களையே சூட்டியவர்கள் நம் சமணப் புலவர்கள். நால்வகைத் தானங்களில் ஔஷத தானத்தை ஒன்றாக வைத்தது நம் சமயம். அகத்தவம் ஆறனுள் ஒன்று வையாவிருத்தியம் என்னும் பணிவிடை. அப்பணிவிடைக்கு உரியவர் பதின்மரை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணும்போது, ஆசாரியர், உபாத்தியாயர் ஆகியோரோடு நோயுற்ற துறவியையும் சேர்த்தே எண்ணுகிறார்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் மூன்றாவது அருவருப்பின்மை. அதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயன மன்னன் கதையை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். மன்னனின் உறுதியைச் சோதிக்க வந்த தேவன், நோயால் உடல் அழுகிய முனிவரின் வடிவில் சரியைக்கு வருகிறான். மன்னனும் அரசியும் எதிர்கொண்டு உணவளிக்கின்றனர். உண்டதையெல்லாம் முனிவர் அவர்கள் மீதே வாந்தியெடுக்கிறார். தீநாற்றம் பொறாமல் ஏவலர் ஓடிவிடுகின்றனர். மன்னனோ முகஞ்சுளிக்காமல் அவர் உடலைக் கழுவிவிடுகிறான்.

இக்கதையை அருவருப்பின்மைக்காக மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். ஒரு செவிலியின் கண்ணுக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. முனிவர் வாந்தியெடுத்தபோது மன்னன் அவரைக் குறை கூறவில்லை. 'இவர் உடலுக்கு ஒவ்வாத உணவை நான் அளித்துவிட்டேனே' என்று தன்னையே நொந்துகொள்கிறான். குறிப்பேட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதும் மனத்துக்கும், 'இவருக்கு எது ஒவ்வும் என்று நான் அறியவில்லையே' என்று எண்ணும் மனத்துக்கும் உள்ள தொலைவை நோக்குங்கள். இன்று உலகெங்கும் செவிலியக் கல்வியில் பண்பாட்டறிவு என்று பேசப்படுவதன் தொடக்கம் அந்த இரண்டாவது மனம்தான்.

இக்காலத்தில் இதனை ஒரு தனித் துறையாக வளர்த்தவர் அமெரிக்கச் செவிலியரான மேடலின் லைனிங்கர் அம்மையார். 1925இல் பிறந்து 2012இல் மறைந்தவர். 1950களில் சின்சினாட்டி நகரில் மனநலம் குன்றிய குழந்தைகளுக்கான இல்லத்தில் பணியாற்றியபோது, வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த குழந்தைகள் உண்ணுவதிலும் உறங்குவதிலும் ஆறுதல் தேடுவதிலும் வேறுபடுவதைக் கண்டார். தாம் கற்ற கல்வி அவ்வேறுபாட்டுக்கு விடை தரவில்லை என்று உணர்ந்து மானிடவியல் பயின்றார். 1960களின் தொடக்கத்தில் நியூகினித் தீவின் கிழக்கு மலைப்பகுதியில் வாழும் காட்சப் மக்களிடையே தங்கி, அவர்கள் நோயாளியைப் பேணும் முறையை ஆராய்ந்தார். பிறகு 1974இல் இத்துறைக்கென ஒரு செவிலியர் சங்கம் தோன்றவும் அவரே காரணமானார்.

நோயாளியின் வழக்கத்தை எதிர்கொள்ளும்போது செவிலியர்க்கு மூன்று வழிகள் உண்டு என்பது அவர் கொள்கை. பேணிக் காத்தல், இணக்கம் காணல், மாற்றியமைத்தல் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். நம் வீட்டு நோயாளி ஒருவரை வைத்தே இவற்றை விளக்குகிறேன்.

தீங்கற்ற வழக்கத்தை அப்படியே பேணிக் காத்தல் முதலாவது. நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க விரும்புகிறவர்க்கு அதற்கு இடங்கொடுப்பதில் என்ன இடர்? காலையில் ஜினரைத் தொழுது முடிக்கும்வரை கட்டுப் பிரிப்பதைக் கால் மணி நேரம் தள்ளிவைக்கலாம். இவற்றால் மருத்துவத்துக்குக் குறைவில்லை. நோயாளிக்கோ மனவலிமை பெருகும்.

வழக்கமும் மருத்துவமும் மோதுமிடத்தில் நடுவழி தேடுதல் இரண்டாவது. நம் பகுதியில் கார்த்திகை மாதத்தில் ஏறத்தாழ 5.40 மணிக்கே பொழுது சாய்கிறது. ஆனி, ஆடியில் 6.40 வரை வெளிச்சமுண்டு. மருத்துவமனை இரவு உணவோ பெரும்பாலும் அதற்குப் பின்னரே வருகிறது. நோயாளி பொழுதோடு உண்பவர் என்று செவிலியர் அறிந்து சொன்னால், ஊசியின் நேரத்தையும் அளவையும் அதற்கேற்ப மாற்றித்தர மருத்துவரால் இயலும். நாளைக்கு மூன்று வேளை விழுங்க வேண்டிய மருந்துக்கு மாற்றாக இருவேளை மருந்து கிடைக்குமா என்று கேட்கலாம். சித்த மருத்துவத்தில் பல சூரணங்களுக்குத் தேனே அனுபானம். தேனை விலக்கியவர் என்றறிந்தால் வெந்நீரோ வேறு அனுபானமோ கொடுக்க மருத்துவர் வழி சொல்வார். கேப்சூல் உறைகளில் பல விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. அதே மருந்து மாத்திரையாகவோ நீர்மமாகவோ கிடைக்கலாம். ஆனால் உறையைப் பிரித்து மருந்தை மட்டும் விழுங்குவதை மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. சில மருந்துகள் அதனால் கெடும், சில தீங்கும் செய்யும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் மாணவியாயிருந்த நாளில் இன்சுலின், மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அந்த மூதாட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இன்று பயன்படும் இன்சுலின் பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வழியே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படுகிறது. குருதி உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் இன்றும் பன்றியின் குடலிலிருந்தே பெரிதும் எடுக்கப்படுகிறது. இத்தகைய மருந்துகளில் மாற்று உண்டா என்று கேட்பது நோயாளியின் உரிமை. மாற்று இல்லாதபோது உண்மையை மறைக்காமல் சொல்லி, முடிவை அவரிடமே விட வேண்டும். ஒளித்துக் கொடுப்பது மருத்துவ அறமன்று.

வழக்கம் உடலுக்குத் தீங்கு செய்யும்போது, நோயாளியின் இசைவோடு அதை மாற்றியமைத்தல் மூன்றாவது. சர்க்கரைக்கு மருந்து உண்பவர் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மருந்தளவை மாற்றாமல் உபவாசம் இருப்பது ஆபத்து. கருவுற்ற பெண் நாள் முழுதும் நீரருந்தாமல் இருப்பதும் ஆபத்து. இங்கே செவிலியர் 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று சொல்லிவிட்டால் அந்த நோயாளி மறுமுறை உண்மை பேச மாட்டார். 'உங்கள் விரதம் எனக்குப் புரிகிறது. உங்கள் உடல் நிலையும் நீங்கள் அறிய வேண்டும். நோயுற்ற காலத்தில் எப்படி அனுசரிப்பது என்று உங்கள் மடத்துப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள்' என்றால் பெரும்பாலோர் இசைவர். நான் கண்ட உண்மை இது.

லைனிங்கருக்குப் பின் இத்துறையில் ஒரு திருப்பம் நியூசிலாந்தில் நேர்ந்தது. அந்நாட்டின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். 1988இல் மாவோரிச் செவிலியரும் மாணவியரும் கூடிய ஒரு கூட்டத்தில், முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். சட்டப்படியான பாதுகாப்பு, மருத்துவ முறையிலான பாதுகாப்பு என்றெல்லாம் பாடம் சொல்கிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்பது அவள் வினாவின் கருத்து. அவ்வினாவைப் பற்றிக்கொண்டு இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்னும் மாவோரிச் செவிலிய அறிஞர் ஒரு கொள்கையையே வகுத்தார். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. செவிலியர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அளவுகோலாகாது. தாம் பேணப்பட்டபோது தம் மதிப்புக்கு ஊறு நேர்ந்ததா இல்லையா என்று நோயாளியே சொல்ல வேண்டும் என்பது அக்கொள்கையின் உயிர். தம் வழக்கங்களையும் முற்சாய்வுகளையும் செவிலியர் முதலில் ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது.

இதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் சிந்தித்தேன். அவளும் முதலாண்டு மாணவி. நானும் முதலாண்டு மாணவியாகவே இருந்தேன். அவள் கேட்டாள். ஒரு நாட்டின் பாடத்திட்டம் மாறியது. நான் சொல்லாதிருந்தேன். ஓர் உயிர் நூலிழையில் தப்பியது.

நம் நாட்டுச் செவிலியப் பாடத்திலும் சமூகவியல் உண்டு. பண்பாடும் உடல்நலமும் என்ற பகுதியும் உண்டு. ஆயினும் ஏட்டறிவில் ஓர் இடர் இருக்கிறது. இன்ன சமயத்தார் இன்னது உண்ணார் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிட்டால் எல்லாம் அறிந்ததாக எண்ணம் வந்துவிடும். என் மாணவி ஒருத்தி ஜைனர்களைப் பற்றி நன்றாகவே படித்திருந்தாள். ஒருநாள் வார்டில் 'சமணர்' என்று பதிவாகியிருந்த முதியவரிடம் சென்று, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நலம் விசாரித்தாள். அவர் சிரித்துவிட்டு, "அம்மா, நாங்க சீவக சிந்தாமணி காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம். தமிழ்லயே கேளும்மா" என்றார். சேட்டு வீட்டார் மட்டுமே ஜைனர் என்று அவள் எண்ணியிருந்தாள். குற்றம் அவளுடையது மட்டுமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வாழும் சமணர், வடபுலத்திலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்தே, ஒரு லட்சத்துக்கும் குறைவு. நம்மை அறியாதவர் பலர் இருப்பது இயல்பே.

நமக்குள்ளும் வழக்கம் ஒன்றாகவா இருக்கிறது? ஒரு வீட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் நுழையாது. அடுத்த வீட்டில் கிழங்கு உண்டு, இரவுணவு இல்லை. மூன்றாம் வீட்டில் தாத்தா பாட்டி பொழுதோடு உண்பர், பேரப்பிள்ளைகள் ஒன்பது மணிக்கு உண்பர். ஆகவே பட்டியல் ஒரு தொடக்கத்துக்குத்தான் உதவும். பொருளுக்குப் பல இயல்புகள் உண்டு, ஒரு பக்கம் கண்டு முழுதும் கண்டதாகக் கூறாதே என்பதுதானே நம் அநேகாந்தம்? அதைத் தருக்க மேடையில் பேசுவது எளிது. எதிரில் படுத்திருப்பவரிடம் பணிவோடு கேட்பதே அதன் நடைமுறை.

என் மாணவியர்க்கு நான்கு வினாக்களைக் கற்பித்து வந்தேன். எதை உண்பீர்கள், எப்போது உண்பீர்கள்? இப்போது ஏதேனும் விரதமோ நேர்த்தியோ உண்டா? உங்களைத் தொட்டுப் பரிசோதிப்பதிலும், உங்களுக்காக முடிவெடுப்பதிலும் யார் உடனிருக்க விரும்புகிறீர்கள்? இந்நோய் எதனால் வந்ததென்று எண்ணுகிறீர்கள், இதற்காக முன்பே என்ன மருந்து உண்டீர்கள்? இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் அன்று செலவழிக்கப்பட்டிருந்தால் அம்மூதாட்டி நள்ளிரவில் நினைவிழந்திருக்க மாட்டார்.

இனி, செவிலியம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்கள் வார்டில் வரப்போகிறவருள் நம்மவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார். ரமலான் நோன்பிருக்கும் இசுலாமியப் பெரியவர் வருவார். பகல் முழுதும் உண்ணாத அவருடைய சர்க்கரை மருந்தை எப்படி மாற்றுவதென்று நீங்கள்தான் மருத்துவருக்கு நினைவூட்ட வேண்டும். ஆண் மருத்துவர் முன் வாய் திறவாத பெண் வருவாள். பாம்பு கடித்து, பச்சிலை கட்டிக்கொண்டு இருளர் குடும்பத்துப் பையன் வருவான். பச்சிலையை எள்ளி நகையாடினால், கடித்தது எப்போது, பிறகு என்ன செய்தார்கள் என்ற உண்மை உங்களுக்குக் கிட்டாது. அவர்கள் யாவரிடமும் உங்கள் மூதாட்டிக்கு நீங்கள் விரும்பும் மரியாதையைக் காட்டுங்கள்.

ஒரு பெண் என்னிடம் தனியே கேட்டாள். "அம்மா, காசநோயாளிக்கு முட்டை கொடுக்கச் சொல்கிறார்கள். நான் கொடுக்கலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினையாகும் என்று வீட்டில் சொல்கிறார்களே?" எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா இல்லை இது. அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சாத்திரம் கற்றோர் பிழையிருந்தால் திருத்தட்டும். அந்த உணவை அவர் தம் வழக்கப்படி உண்கிறார். நீ அதை விரும்பவுமில்லை, தூண்டவுமில்லை. கை நடுங்கும் நோயாளியின் முன் தட்டை எடுத்து வைப்பது உன் பணி. உன் மனம் அதற்கும் ஒப்பவில்லையென்றால் வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல், பணியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டைச் செய்யாதே. தட்டைக் கண்டு முகஞ்சுளிக்காதே. அது அவர் மனத்தைப் புண்படுத்தும் இம்சை. சொல்லாமல் விலகிப்போய் நோயாளியைப் பட்டினி போடாதே. அது அதனினும் பெரிய இம்சை. மூதாட்டியின் தட்டு மூடிக் கிடந்ததைப் பார்த்தும் பேசாதிருந்தேனே, அது என் கையால் நான் செய்த கொலைக்கு அணுக்கமான செயல் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இறுதியாகக் குடும்பத்தார்க்கு. செவிலியர் கேட்கவில்லை என்று குறைகூறுமுன் நாம் சொன்னோமா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் நாளிலேயே, பொழுது சாய்ந்தபின் உண்ணார், தேன் கொள்ளார், முட்டை, புலால் கொள்ளார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நோயாளியின் குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். உடனிருப்பவர் ஊருக்குப் போகும் நாளில் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உபவாசத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நோயாளி சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள்.

சல்லேகனை பற்றியும் ஒரு வார்த்தை. செஞ்சிக்கருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைத் தொழுதவர்கள் நாம். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்ததும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நீங்கள் அறிந்தவையே. முதியவர் ஒருவர் உணவை மறுக்கும்போது, அது நோன்பா, மனச்சோர்வா, விழுங்க இயலாத நோயா என்று செவிலியர்க்கு எப்படித் தெரியும்? வீட்டார் ஒளிக்காமல் பேசினால்தான் தெரியும். மனச்சோர்வை நோன்பென்று எண்ணி விட்டுவிடுவதும் தவறு. முறைப்படி மேற்கொண்ட நோன்பை மனநோய் என்று எண்ணிக் குழாய் வழி உணவு புகட்டுவதும் தவறு. இரண்டும் நேராமல் காப்பது நாம் பேசும் பேச்சே.

மாணவச் செல்வங்களே, உங்களை யாரேனும் கேலி செய்தால் செய்யட்டும். நீங்கள் யார் என்பதை மறைக்காதீர்கள். உங்கள் வழக்கம் உங்களுக்கு ஏன் அரியது என்று அறிந்திருந்தால்தான், அடுத்தவர் வழக்கம் அவருக்கு ஏன் அரியது என்பது விளங்கும். நோயாளியிடம் கேளுங்கள், அறிந்ததை உரியவரிடம் உடனே சொல்லுங்கள். மூடி வைத்த தட்டு ஒன்றைக் கண்டால் தயவுசெய்து கடந்து போகாதீர்கள்.



அறம் வளர்க! ஜினசாசனம் ஓங்குக!